விண்ணிலே போர், மண்ணிலே கண்ணீர்

போர்க்கதை கேட்பதில் மனித குலத்துக்கு உள்ள ஆசை மிகப் பழையது. குருக்ஷேத்திரத்தில் நிகழ்ந்த பதினெட்டு நாட் சமரைக் கேளாத செவி நம் நாட்டில் இல்லை. இராமபிரான் இலங்கையில் இயற்றிய யுத்தத்தைக் கேட்டு வளராத பிள்ளையும் இல்லை. வில்லும் வேலும் போய்ப் பீரங்கி வந்தது. பீரங்கி போய் ஆகாய விமானம் வந்தது. இன்று கதை சொல்பவன் மண்ணுலகை விட்டே புறப்பட்டுவிட்டான். நட்சத்திரங்களுக்கு நடுவே படைகள் மோதுகின்றன, கோள்கள் பற்றியெரிகின்றன. களம் மாறியதே தவிர, கதை கேட்கும் ஆவல் மாறவில்லை.

இதைப் பற்றி இவ்வாரம் எழுதத் தூண்டியது ஒரு கடிதம். பசறைப் பகுதித் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் தாயார் ஒருவர், எட்டாம் வகுப்பில் படிக்கும் தம் மகளைக் கொண்டு எழுதுவித்து அனுப்பியிருக்கிறார். மூத்த மகனுக்கு வயது பதினாறு. பாடசாலை விட்டு வந்ததும் கைத்தொலைபேசியும் கையுமாக லயத்துத் திண்ணையில் அமர்ந்துவிடுகிறானாம். பார்ப்பதெல்லாம் ஜப்பானியர் வரைந்த சித்திரப் படங்கள். அவற்றிலும் விண்வெளிச் சண்டைப் படங்களே அதிகம். "படந்தானே, பார்த்துவிட்டுப் போகட்டும்" என்கிறார் தகப்பனார். தாயாரின் மனம் ஒப்பவில்லை. "யுத்தத்தைப் பார்த்துச் சிரிக்கப் பழகிவிடுவானோ என்று பயமாயிருக்கிறது ஐயா. தடுக்கலாமா?" என்று கேட்கிறார்.

கேள்வி சிறியதெனினும் அதன் பொருள் பெரிது. படத்தைப் பாராமலே "கூடாது" என்று விதிப்பது எளிது. பார்த்தவர் என்ன எண்ணினர் என்று விசாரித்துத் தீர்ப்புக் கூறுவதே முறை. ஜப்பானியர் 'அனிமே' என்று வழங்கும் இச்சித்திரத் திரைப்படங்களைப் பற்றி அந்நாட்டு இரசிகர்களே ஒருவரோடொருவர் வாதிட்டிருக்கிறார்கள். அந்த வாதம் நமக்கும் பயன்படும்.

வானம் தந்த அச்சம்

முதலில் ஒரு வேற்றுமையைக் கவனிப்போம். 1963ஆம் ஆண்டில் 'கலை அரசி' என்றொரு தமிழ்ப்படம் வந்தது. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தது, ஏ. காசிலிங்கம் இயக்கியது. அதிலும் வேற்றுக் கோளிலிருந்து மனிதர் வருகிறார்கள். எதற்காக? அவர்கள் உலகில் விஞ்ஞானம் வளர்ந்திருக்கிறது, கலை வளரவில்லை. ஆகவே பூமியிலிருந்து ஒரு பாடகியைக் கொண்டுசெல்ல வருகிறார்கள்! விண்ணிலிருந்து வருபவன் நம் பாட்டுக்காக வருவான் என்று தமிழன் கற்பனை செய்தான்.

ஜப்பானியன் கற்பனை அப்படி அமையவில்லை. விண்ணிலிருந்து வருவது குண்டாகவே அவன் மனத்தில் தோன்றியது. இதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போகவேண்டுவதில்லை. 1945 மார்ச் 10ஆம் நாள் இரவில் தோக்கியோ நகரின்மீது விழுந்த நெருப்புக் குண்டுகளால் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் மாண்டனர். ஆகஸ்ட் 6ஆம் நாள் ஹிரோஷிமாவும், 9ஆம் நாள் நாகசாக்கியும் அணுகுண்டுக்கு இரையாயின. வானத்தை அண்ணாந்து பார்க்கவே அஞ்சிய ஒரு தலைமுறை பிற்காலத்தில் பேனா பிடித்துச் சித்திரம் வரைந்தபோது, அந்த அச்சமும் சேர்ந்தே வரையப்பட்டது.

மூழ்கிய கப்பல் எழுந்த கதை

'விண்வெளிப் போர்க்கப்பல் யமாத்தோ' என்பது அவ்வகையில் தலையாய கதை. தயாரித்தவர் யோஷினோபு நிஷிசாக்கி. சித்திர உலகுக்கு உருவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் லெய்ஜி மட்சுமொட்டோ. 1974 அக்டோபரில் தொலைக்காட்சித் தொடராக அது வெளிவந்தது.

கதை 2199ஆம் ஆண்டில் நடக்கிறது. காமிலாஸ் என்னும் கோளத்தார் பூமியின்மீது கதிர்வீச்சுக் குண்டுகளை எறிகிறார்கள். கடல்கள் வற்றுகின்றன. மனிதர் நிலத்தடியில் ஒளிந்து வாழ்கிறார்கள். இன்னும் ஓராண்டில் மனித இனமே அழிந்துபோகும். தொலைவில் உள்ள இஸ்கண்டார் என்ற கோளின் அரசி, நஞ்சை நீக்கும் கருவியொன்றைத் தருவதாகச் செய்தி அனுப்புகிறாள். 1,48,000 ஒளியாண்டு தூரம்! வற்றிய கடலின் தரையிலே கிடந்த பழைய போர்க்கப்பல் ஒன்றை விண்கப்பலாக்கி, முதிய தளபதி ஒக்கிட்டாவும் இளைஞன் கொடாயும் தோழர்களும் புறப்படுகிறார்கள்.

அப்பழைய கப்பல் கற்பனையன்று. 70,000 தொன்னுக்கு மேற்பட்ட எடையும், 46 சென்ரிமீற்றர் வாயகலமுள்ள ஒன்பது பீரங்கிகளும் கொண்ட யமாத்தோ, ஜப்பானியக் கடற்படையின் பெருமிதமாக விளங்கியது. போர் தோற்றுக்கொண்டிருந்த வேளையில், திரும்பி வரும் நம்பிக்கையின்றி ஒக்கினாவாத் தீவை நோக்கி அது அனுப்பப்பட்டது. 1945 ஏப்ரல் 7ஆம் நாள் அமெரிக்க விமானங்கள் அதைத் தாக்கி மூழ்கடித்தன. ஏறத்தாழ மூவாயிரம் பேர் அதனுடன் கடலடி சென்றனர்.

இறந்த கப்பலுக்கு உயிர் கொடுத்தால் என்ன ஆகும்? உயிரோடிருப்போர் மனம் கலங்கத்தானே செய்யும்! தொடர் முதலில் வெளிவந்தபோது பார்த்தவர் குறைவு. அதே நேரத்தில் வேறோர் அலைவரிசையில் அல்ப்ஸ் மலைச் சிறுமி ஹைடியின் கதை ஓடிக்கொண்டிருந்தது; வீடுகளில் அதற்கே வரவேற்பு. யமாத்தோ 26 பகுதிகளோடு சுருங்கி முடிந்தது. ஆயினும் பார்த்த சிலர் மறக்கவில்லை. மாணவர்கள் இரசிகர் சங்கம் கூட்டினார்கள், கடிதம் எழுதினார்கள், மறு ஒளிபரப்புக் கேட்டார்கள். தொடரைச் சுருக்கித் திரைப்படமாக்கி 1977 ஆகஸ்ட் 6ஆம் நாள் வெளியிட்டபோது, முதல் நாளிரவே கொட்டகை வாயில்களில் இளைஞர் வரிசை கட்டி நின்றார்கள். அது ஹிரோஷிமாவின் நினைவு நாள் என்பதையும் நாம் குறித்துக்கொள்ளலாம்.

அன்று எழுந்த அபிப்பிராயங்கள் இருவகை. ஒரு சாரார், "இது பழைய படைவெறிக்குப் புதுச் சாயம். எந்தப் போரை மறக்க வேண்டுமோ அதன் கப்பலையே புகழ்ந்து காட்டுகிறார்கள்" என்றனர். மறு சாரார், "கொல்லப் போன கப்பல் இப்போது உயிர் காக்கப் போகிறது, பழியைக் கழுவிய பயணம் இது" என்றனர். இரு கூற்றுக்கும் படத்தில் ஆதாரம் உண்டு. காமிலாஸ் மக்களும் சாகும் தறுவாயிலுள்ள கோளத்திலிருந்து குடிபெயர இடம் தேடியே பூமியைத் தாக்கினார்கள் என்பது கதையின் போக்கில் தெரியவருகிறது. இறுதியில் அவர்களுடைய நகரம் அழிந்து கிடப்பதைக் கண்ட கொடாய் வெற்றி முழக்கம் இடவில்லை. போரிட்டதற்குப் பதில் ஒருவரையொருவர் நேசித்திருக்க வேண்டும் என்று மனமுடைந்து புலம்புகிறான். பிள்ளைகளுக்கென்று எடுத்த படத்தில், வென்றவன் அழுவதை அன்று பலர் முதன்முதலாகக் கண்டிருக்கக்கூடும்.

எரிந்த கட்சியும் எரியாத கட்சியும்

வாதம் உச்சத்தை எட்டியது மறு வருடம். 1978 ஆகஸ்ட் 5ஆம் நாள் இரண்டாம் படம் வந்தது. அதன் முடிவில், எஞ்சிய தோழரை வெளியேற்றிவிட்டு, இறந்த காதலி யூக்கியின் உடலை அருகிலே இருத்திக்கொண்டு, கொடாய் தன் கப்பலோடு எதிரியின் மாபெருங் கலத்தின்மேல் மோதச் செல்கிறான். கொட்டகையெங்கும் விம்மல் ஒலி. படமோ பெருவெற்றி.

ஆனால் அக்காட்சி பெரியோர் பலரை நடுங்கச் செய்தது. விமானத்தோடு சென்று மோதி மடியும்படி இருபது வயதுப் பிள்ளைகளை 1944, 1945ஆம் ஆண்டுகளில் அனுப்பிய நாடு அது. அதே மரணத்தை அழகிய இசையோடு காட்டினால் இளம் மனம் என்ன கற்கும்? மட்சுமொட்டோவுக்கே அம்முடிவு உடன்பாடாக இல்லை. சாவதைவிட வாழ்ந்து எதிர்காலத்தைக் கட்டுவதே இளைஞர்க்கு அழகு என்பது அவர் கொள்கை. அதன் விளைவு மிகவும் சுவையானது. அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரில் கதையின் முடிவு மாற்றப்பட்டது. கொடாயும் யூக்கியும் பிழைத்தார்கள்; கப்பலும் பிழைத்தது!

இவ்வாறு ஒரே கதைக்கு இரண்டு முடிவு. இரசிகரும் இரண்டு கட்சி. "செத்ததே உண்மை; பிழைத்ததாகக் கூறுவது வியாபாரம்" என்பது ஒரு கட்சி. "பிழைத்ததே தருமம்; சாவை இனிப்பாக்குவது பாவம்" என்பது மற்றக் கட்சி.

இந்த வழக்கு நமக்குப் புதியதா? காமன் பண்டிகையை ஒட்டித் தமிழகத்தில் வளர்ந்த இலாவணிப் பாட்டிலே 'எரிந்த கட்சி', 'எரியாத கட்சி' என்று இரு அணி உண்டு. சிவபெருமானின் நெற்றிக்கண் நெருப்பில் மன்மதன் எரிந்தான் என்று ஒருவர் பாட, எரியவில்லை என்று மற்றவர் மறுத்துப் பாடுவார். விடிய விடிய வாதம் நடக்கும். கதையைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போகும் கூட்டமாக நம் முன்னோர் இருந்ததில்லை. கதையின் நியாயத்தைத் தராசில் வைத்து நிறுத்தார்கள். ஜப்பானிய இளைஞர் தம் படத்துக்குச் செய்ததும் அதுவே.

எதிரிக்கும் ஒரு தாய்

1979 ஏப்ரல் 7ஆம் நாள் 'கன்டாம்' என்ற தொடர் தொடங்கிற்று. யொஷியூக்கி தொமினோ இயக்கியது. அதுவும் முதலில் எடுபடவில்லை. 52 பகுதிகளாகத் திட்டமிட்டது 43 பகுதிகளோடு நின்றது. மறு ஒளிபரப்புகளின்போதே புகழ் பெற்றது. 1981, 1982ஆம் ஆண்டுகளில் மூன்று திரைப்படங்களாக வெளிவந்தது. முதற்படத்துக்கு முன்னோடியாக 1981 பெப்ரவரி 22ஆம் நாள் தோக்கியோவின் ஷின்ஜூக்குப் பகுதியில் ஆயிரக்கணக்கான இளைஞர் திரண்டனர். இது எங்கள் காலத்தின் கலை, இதை விளையாட்டுப் பிள்ளை வேடிக்கை என்று தள்ளாதீர் என்பதே அக்கூட்டத்தின் குரல்.

இக்கதையில் வேற்றுக் கோளத்தார் எவருமில்லை. போரிடும் இரு பக்கத்தாரும் மனிதரே. விண்வெளியில் குடியேறிய மக்களில் ஒரு பகுதியினர் பூமி அரசிடமிருந்து சுதந்திரம் கேட்டுப் போர் தொடுக்கின்றனர். கதை தொடங்குமுன்னரே மனித இனத்தில் பாதி மாண்டுவிட்டது. அமுரோ என்னும் பதினைந்து வயதுச் சிறுவன், விரும்பாமலே ஓர் இராட்சத இயந்திரத்தை இயக்கும் வீரனாகிறான்.

முதற்படத்திலே இரண்டு காட்சிகள் நம் தாய்மார் பார்க்கத் தக்கவை. நெடுநாளாகப் பிரிந்திருந்த அன்னையைக் காண அமுரோ ஊர் வருகிறான். அங்கே தன்னைத் தேடிவந்த எதிரிச் சிப்பாயைச் சுட்டுவிடுகிறான். தாய் அவனைக் கட்டியணைத்துப் பாராட்டவில்லை. அந்த மனிதனுக்கும் பிள்ளைகள் இருக்குமே என்று கதறுகிறாள். தன் மகன் இப்படி மாறிவிட்டானே என்று அழுகிறாள். பையனோ, சுடாவிட்டால் நான் செத்திருப்பேனே என்கிறான். இருவர் சொல்வதும் நியாயமே. அதனாலேதான் அக்காட்சி நெஞ்சை அறுக்கிறது.

மற்றது படத்தின் முடிவில் வரும் மரணச் சடங்கு. எதிர்ப்பக்கத்து ஆளுங் குடும்பத்தின் இளைய மகன் போரில் இறக்கிறான். தகப்பன் தனிமையில் வருந்துகிறான். மூத்த அண்ணனோ, தம்பியின் படத்தை மேடையில் வைத்து, மக்களின் துக்கத்தைக் கோபமாகத் திருப்பி, இன்னும் போரிடுங்கள் என்று ஆர்ப்பரிக்கிறான். திரளான கூட்டம் அவனோடு சேர்ந்து முழங்குகிறது.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். போரைப் பற்றிய கதை கண்ணீரை வரவழைத்தால் போதும், அது நல்ல கதை என்று சொல்லுவோர் உண்டு. அது முழு உண்மையன்று. தன் பக்கத்துப் பிணத்துக்கு மாத்திரம் வடிக்கும் கண்ணீர், அடுத்த போருக்கு ஊற்றும் எண்ணெய் ஆகிவிடலாம். அத்தகைய மேடைகளை உலகெங்கும் கண்டோம். நம் தீவிலும் கண்டோம். எதிரியின் வீட்டு வாசலிலும் ஒரு தாய் நிற்கிறாள் என்று உணர்த்தும் கண்ணீரே மனிதனைத் திருத்தும்.

மூன்றாம் படத்தில் லாலா என்றொரு பெண் வருகிறாள். இந்தியச் சாயல்; நெற்றியிலே பொட்டு. அவள் எதிரிப் படையைச் சேர்ந்தவள். எனினும் அவளும் அமுரோவும் ஒருவர் மனத்தை ஒருவர் அறிந்துகொள்கிறார்கள். தன்னை ஆதரித்த தலைவனைக் காக்கக் குறுக்கே பாய்ந்து, அமுரோவின் ஆயுதத்துக்கே இரையாகிறாள். தன்னைப் புரிந்துகொண்ட ஓருயிரைத் தன் கையாலே கொன்ற துயரம் அவனை வாழ்நாள் முழுதும் விடவில்லை.

மாணவர் சொன்னவை

இப்படங்களைப் பார்த்திருந்த மாணவர் சிலரிடம் ஒரு நாள் பாடம் முடிந்த பின் அபிப்பிராயம் கேட்டோம். ஹாலி-எலவிலிருந்து வரும் பையன், "அந்த மெஷினுதான் சேர் அழகு. எத்தன தரம் பார்த்தாலும் அலுக்காது" என்றான். இன்னொருவன், "கப்பல் பெரிய பீரங்கியால சுடுறதுக்கு முன்னால எல்லாரும் மூச்சடக்கி நிப்பாங்களே, அதுதான் சேர் பிடிச்சது" என்றான். லுணுகலைப் பக்கத்து மாணவி ஒருத்தி, "பொட்டு வச்ச அந்தப் பிள்ளைய ஏன் சேர் சாகடிச்சாங்க? அது ஒரு குத்தமும் செய்யலயே" என்றாள். கடைசி வாங்கிலிருந்த பையன் வெகுநேரம் பேசாதிருந்துவிட்டு, "ரெண்டு பக்கத்திலயும் அழுறாங்க சேர். அப்ப யாரு கெட்டவன்?" என்று கேட்டான்.

நான்கு பதிலும் உண்மையான பதில்கள். முதலிரண்டையும் கேட்டு நாம் முகம் சுளிக்க வேண்டியதில்லை. அவை அப்படங்களின் குற்றத்தைச் சரியாகச் சுட்டுகின்றன. வாயினாலே போர் கொடிது என்று சொல்லும் படம், கையினாலே போர்க்கருவியை அத்தனை அழகாக வரைகிறது. கன்டாம் தொடருக்குப் பணம் கொடுத்ததே ஒரு விளையாட்டுப் பொருள் நிறுவனந்தான். 1980 முதல் அவ்வியந்திரத்தின் பிளாஸ்ரிக் உருவங்கள் கடைகளில் குவிந்தன. சிறுவர் போட்டியிட்டு வாங்கினர். ஆயுதத்தை வெறுக்கச் சொல்லும் கதையை ஆயுதப் பொம்மை விற்றுத்தான் வளர்க்க வேண்டியிருந்தது. இம்முரண்பாட்டை ஜப்பானிய விமர்சகர் பலகாலும் எடுத்துக்காட்டியுள்ளனர். படம் தன்னளவில் நல்லதா தீயதா என்பதைவிட, பார்ப்பவன் எதைப் பார்க்கிறான் என்பதே இங்கு முக்கியமாகிறது. ஒரே படத்தில் ஒருவன் இயந்திரத்தைக் கண்டான். ஒருத்தி இறந்த பெண்ணைக் கண்டாள்.

மலைநாட்டின் பழைய பாடம்

எதைப் பார்ப்பது என்ற பயிற்சி நம் தோட்டங்களுக்குப் புதிதன்று. காமன் கூத்து, அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் என்பன மலையக மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வரும் கூத்துக்கள். பொன்னர் சங்கரில் வாள்வீச்சும் வீரவசனமும் குறைவின்றி உண்டு. தப்பொலி முழங்க அண்ணன்மார் களமிறங்கும்போது சிறுவர் கைதட்டுவார்கள். ஆயினும் கூத்து நெஞ்சில் நிலைப்பது, படுகளத்திலே வீழ்ந்து கிடக்கும் அண்ணன்மாரைத் தேடி வரும் தங்கையின் ஒப்பாரியினாலேதான். பகல் முழுதும் மலையேறிக் கொழுந்தெடுத்த பெண்கள் அந்த நள்ளிரவில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். கைதட்டிய சிறுவனும் தாயின் முகத்தைப் பார்த்துக் கைதட்டலை நிறுத்துவான். யுத்தம் என்றால் என்னவென்று அவன் அந்த ஒரு கணத்தில் கற்றுக்கொள்கிறான். பாரதமும் இதையே செய்கிறது. போர் முடிந்தபின் காந்தாரியின் புலம்பலைக் கேட்கச் செய்கிறது. இரு பக்கத்து இறந்தோர்க்கும் தருமனைக் கொண்டு நீர்க்கடன் செய்விக்கிறது.

எதிரியையும் ஊவா மண் நேரிலே கண்டிருக்கிறது. 1900ஆம் ஆண்டில் தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகள் ஏறத்தாழ ஐயாயிரம் பேரைப் பிரித்தானியர் தியத்தலாவையில் முகாமிட்டு வைத்தனர். பத்திரிகையில் கொடியவராகச் சித்திரிக்கப்பட்ட அம்மனிதர், குளிரில் நடுங்கி, ஊர்க் கடிதத்துக்காக ஏங்கும் விவசாயிகளாக நம் மலைச்சாரலில் வாழ்ந்தார்கள்.

1942 ஏப்ரல் 5ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாள் கழித்துத் திருகோணமலையைத் தாக்கின. அப்போது வானிலிருந்து வந்த எதிரி ஜப்பானியனே. அதே ஜப்பான் தோற்று நின்றபோது, 1951 செப்டம்பர் 6ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ மகாநாட்டில், இலங்கைப் பிரதிநிதி ஜே. ஆர். ஜயவர்தன, பகை தவிர்க்கும் புத்தர் போதனையை நினைவூட்டி, இலங்கை நட்டஈடு கேட்காது என்று அறிவித்தார். ஜப்பானியர் அதை மறக்கவில்லை. 1982 பெப்ரவரியில் தொடங்கிய நம் ரூபவாஹினித் தொலைக்காட்சி நிலையமே அவர்கள் வழங்கிய உதவியால் எழுந்ததுதான். பிதுருதலாகலை உச்சியிலிருந்து அதன் அலை இந்த மலைகளுக்கெல்லாம் வந்து சேர்ந்தது.

தொலைதூரத்து எதிரியை மன்னிக்கத் தெரிந்த நாட்டுக்கு அயல்வீட்டானை நேசிப்பது கடினமாயிற்று. அதே தலைவர் ஜனாதிபதியாயிருந்த 1983 ஜூலையில் பதுளை நகரமும் எரிந்தது. கடையிழந்தோர், வீடிழந்தோர், உயிரிழந்தோர் பலர். தம் உயிரையும் பாராது தமிழரை ஒளித்துவைத்துக் காத்த சிங்கள அயலவர் கதைகளும் இம்மண்ணிலே உண்டு. பிள்ளைகளுக்கு இவ்விரண்டையும் சொல்ல வேண்டும். முன்னதை மறைத்தால் பொய்யாகும். பின்னதை மறைத்தால் நஞ்சாகும்.

பெற்றோர் செய்யத் தக்கது

ஆகவே, தடுக்கலாமா என்று கேட்ட தாய்க்கு நம் விடை இது. இளஞ் சிறுவர்க்கு இப்படங்கள் ஏற்றவையல்ல. மரணக் காட்சிகள் மிகுதி. பதினாறு வயதுப் பையனைத் தடுப்பதால் பயனில்லை. திண்ணையில் பார்ப்பவன் தேயிலை மலைக்குள்ளே போய்ப் பார்ப்பான். தடுப்பதைக் காட்டிலும் பக்கத்தில் உட்காருவது மேல். ஞாயிற்றுக்கிழமை மாலையில் தாயும் தகப்பனும் அரைமணி நேரம் அவனருகே அமரட்டும். மொழி விளங்காவிட்டால் அவனையே கதை சொல்லச் சொல்லட்டும். பெற்றோர்க்கு விளக்கும் பிள்ளை தானும் சிந்திக்கத் தொடங்குவான்.

படம் முடிந்ததும் "யார் ஜெயித்தது?" என்று கேட்க வேண்டாம், அதை அவன் கேளாமலே சொல்வான். மூன்று கேள்விகள் கேளுங்கள். யார் யார் செத்தார்கள்? செத்தவனுக்காக வீட்டிலே காத்திருந்தது யார்? சண்டை வராமல் தடுக்க யாருக்காவது, எப்போதாவது வழி இருந்ததா? யமாத்தோவில் கொடாய் அழுததற்கும், அமுரோவின் தாய் கதறியதற்கும், கடைசி வாங்குப் பையன் கேட்ட கேள்விக்கும் இம்மூன்றிலே விடை இருக்கிறது.

ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். மாணவர் பார்க்கும் படத்தை ஏளனம் செய்யாதீர்கள். தமிழ் விவாத மேடையிலே அதைப் பொருளாகக் கொடுங்கள். 'யமாத்தோ மோதி மடிந்தது முறையா, பிழைத்து வந்தது முறையா?' என்று இரு கட்சி பிரித்துவிடுங்கள். எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் நம் பாடசாலை மண்டபத்திலே மீண்டும் மோதட்டும். சொல்லாலே மோதப் பழகிய பிள்ளை கல்லெடுக்கத் தயங்குவான்.

நமுனுகுல மலைக்கு மேலே தெரியும் விண்மீன்களில் போர் ஏதும் நடக்கவில்லை. மனிதன் கொண்டுபோனாலொழிய அங்கே போர் இல்லை. எதிரி என்று காட்டப்பட்டவனின் தாயையும் பார்க்கக் கற்ற பிள்ளைகள் அங்கே போனால், அதைக் கொண்டுபோக மாட்டார்கள். அந்தக் கல்வி வீட்டுத் திண்ணையிலே தொடங்கட்டும்.